வில்லெம்ஸ்டாட் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரீபியக் கடலில், வெனிசுவேலா கரையிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் தீவு குராசோ. அதன் தலைநகர் வில்லெம்ஸ்டாட். தண்ணீரை ஒட்டி மஞ்சள், நீலம், இளஞ்சிவப்பு என்று வரிசையாக நிற்கும் டச்சு பாணி வீடுகளின் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள், அந்த ஊர்தான். பயணத்துக்குத் திட்டமிடுபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டுமா?

வேண்டும். குராசோ நெதர்லாந்து முடியாட்சியின் ஒரு பகுதி. 2010 அக்டோபர் 10 முதல் உள்நாட்டு விவகாரங்களில் தன்னாட்சி பெற்ற நாடாகவும் இருக்கிறது. ஆனால் அது ஷெங்கன் பகுதிக்குள் (ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) வராது. ஷெங்கன் விசாவும் கரீபிய விசாவும் வேறு வேறு ஆவணங்கள். கரீபிய விசாவுக்கு நெதர்லாந்து தூதரகத்தின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த ஒரே விசாவில் அருபா, பொனேர், சிந்த் மார்டன் போன்ற மற்ற டச்சுத் தீவுகளுக்கும் போய்வரலாம். சில நாடுகளின் விசாவோ குடியிருப்பு அனுமதியோ கையில் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. விலக்குப் பட்டியல் மாறிக்கொண்டே இருப்பதால், டிக்கெட் எடுக்கும் முன் நெதர்லாந்து அரசின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். கனடா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை உள்ள தமிழர்களுக்குச் சுற்றுலாவாகப் போக விசா தேவையில்லை.

எல்லோருக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டு. கிளம்பும் முன் டிஜிட்டல் குடியேற்ற அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது இலவசம். தேடும்போது முதலில் வந்து நிற்கும், பணம் கேட்கும் தளங்கள் இடைத்தரகர்களுடையவை.

எப்படிப் போவது?

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் நேரடி விமானம் கிடையாது. ஆம்ஸ்டர்டாம் வழியாகப் போவதுதான் அலைச்சல் குறைந்த வழி. அங்கிருந்து ஏறக்குறைய 10 மணி நேரப் பயணம். அமெரிக்கா வழியாகப் போனால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் அமெரிக்க விசா வேண்டும். இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஐரோப்பிய விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கும் இடைவழி விசா தேவையா என்று தனியாகப் பார்க்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். டொராண்டோவிலிருந்து நேரடி விமானங்கள் இருப்பதால் கனடாவில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

ஊர் நேரம் இந்திய, இலங்கை நேரத்துக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். வீட்டுக்குப் போன் பேச உங்கள் காலை நேரம்தான் சரி.

எந்த மாதம் நல்லது?

வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே மாதிரி, முப்பது டிகிரியை ஒட்டியே இருக்கும். புயல்கள் வழக்கமாகப் போகும் பாதைக்குத் தெற்கே தீவு இருப்பதால், மற்ற கரீபியத் தீவுகள் பயந்துகொண்டிருக்கும் ஆகஸ்ட், செப்டம்பரிலும் இங்கே தைரியமாகப் போகலாம். அந்த மாதங்களில் கூட்டமும் அறை வாடகையும் குறைவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம் என்று பெயர்தான், கள்ளியும் முள்மரமும் வளரும் வறண்ட தீவு இது. பெரும்பாலும் சற்று நேரம் கொட்டிவிட்டு நின்றுவிடும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை குளிருக்குப் பயந்து ஓடிவரும் ஐரோப்பியர்களும் கனடாக்காரர்களும் நிறைந்திருப்பார்கள். திருவிழாக் கூட்டம் பிடிக்கும் என்றால் சாம்பல் புதனுக்கு (கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் நாள், பிப்ரவரி அல்லது மார்ச்சில் வரும்) முந்தைய கார்னிவல் நாட்களில் போங்கள், ஆனால் அறையை வெகு முன்னதாகவே பதிவு செய்துவிட வேண்டும்.

ஊர் எப்படி அமைந்திருக்கிறது? எந்தப் பக்கம் தங்குவது?

சிந்த் அன்னா குடா என்ற குறுகிய நீர்வழி ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே பூண்டா, மேற்கே ஓட்ரோபாண்டா. பூண்டாவை ஒட்டிக் கடற்கரையோரம் பீட்டர்மாய், வாய்க்காலுக்கு அப்பால் ஸ்கார்லோ. இந்த நான்கும் சேர்ந்த பழைய நகரமும் துறைமுகமும் 1997 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்.

என்னைக் கேட்டால், ஊருக்கு வெளியே கடற்கரை ரிசார்ட்டில் தங்கிக்கொண்டு வில்லெம்ஸ்டாட்டை அரைநாள் 'பார்த்துவிட்டு' வருவது காசைக் கரைக்கும் வழி. காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும்தான் இந்த ஊர் நன்றாக இருக்கிறது. அந்த நேரத்தில் அங்கே நடக்க வேண்டுமானால் ஊருக்குள் தங்கினால்தான் முடியும். இரவு உணவும் இசையும் வேண்டுவோருக்கு பீட்டர்மாய் பொருத்தம், வார இறுதியில் சத்தம் இருக்கும். அமைதியும் சந்துகளும் வேண்டுவோருக்கு ஓட்ரோபாண்டா. பூண்டாவில் கடைகள் மூடியதும் பல தெருக்கள் வெறிச்சோடிவிடும். வியாழக்கிழமை மாலை மட்டும் விதிவிலக்கு: அன்று தெருக்களில் இசையும் கைவினைக் கடைகளும் இருக்கும்.

வீடுகளுக்கு ஏன் இத்தனை வண்ணம்?

1817-இல் ஆளுநர் ஆல்பர்ட் கிக்கர்ட் வெளிச்சுவர்களுக்கு வெள்ளை அடிக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். வெள்ளைச் சுவரில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது, தலைவலி வருகிறது என்பது காரணம். அவருக்கே ஒரு பெயிண்ட் கடையில் பங்கு இருந்தது பிற்பாடுதான் தெரியவந்தது என்று ஊரில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எந்த வழிகாட்டியும் இந்தக் கதையை விடுவதில்லை. உண்மையோ பொய்யோ, நண்பகலில் அந்தத் தெருவில் நின்று பார்த்தால் தலைவலி வாதம் நியாயமாகத்தான் படும். கடற்காற்றின் உப்பு பழைய சுவர்களில் ஊறி வண்ணத்தை உரித்துக்கொண்டே இருக்கும், அதனால் பூச்சு வேலை ஓய்வதே இல்லை. நீங்கள் போகும்போது ஏதாவது ஒரு கட்டடத்தில் சாரம் கட்டியிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

படம் எடுக்க: அஞ்சலட்டையில் வரும் ஹாண்டெல்ஸ்காடே வரிசை மேற்கு பார்த்து நிற்கிறது. காலையில் எடுத்தால் சூரியன் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும், முகப்பெல்லாம் மங்கிப் போகும். பிற்பகல் நான்கு மணிக்கு மேல் எதிர்க்கரையான ஓட்ரோபாண்டாவிலிருந்து எடுங்கள். பூண்டா மூலையில் நிற்கும் மஞ்சள் நிற பென்யா கட்டடம் 1708-ஆம் ஆண்டினது, அந்த வெளிச்சத்தில்தான் அதன் வெண்ணிற வேலைப்பாடு எடுத்துக்காட்டும்.

மிதக்கும் பாலம் என்கிறார்களே, அது எப்படி?

ராணி எம்மா பாலம். 1888-இல் கட்டப்பட்டது. படகுகளை வரிசையாக நிறுத்தி அவற்றின் மேல் பலகை போட்ட பாலம், நீளம் 167 மீட்டர். கப்பல் வரும்போது பாலம் முழுவதுமாக, ஒரு கதவு திறப்பதுபோல் ஓட்ரோபாண்டா கரையை அச்சாகக் கொண்டு சுழன்று ஒதுங்கும். திறக்கும் முன் மணி அடிக்கும், இரு முனைகளிலும் தடுப்பு இறங்கும். அப்போது பாலத்தின் மேலேயே மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாலத்தோடு சேர்ந்து சவாரி போகலாம். பலர் வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள்.

பாலத்தில் ஆரஞ்சுக் கொடி ஏற்றியிருந்தால் கொஞ்ச நேரத்தில் பாலம் மறுபடி சேர்ந்துவிடும், காத்திருக்கலாம். நீலக் கொடி என்றால் பெரிய கப்பல், நேரமாகும். பாலம் திறந்திருக்கும் வரை இரு கரைக்கும் இலவசப் படகு ஓடும். எதிர்க்கரையில் உணவகத்தில் இடம் பதிவு செய்திருந்தாலோ விமானத்துக்கு டாக்சி பிடிக்க வேண்டியிருந்தாலோ இந்தத் தாமதத்தையும் கணக்கில் சேருங்கள்.

ஆரம்ப காலத்தில் இங்கே சுங்கம் வசூலித்தார்கள். செருப்பு, காலணி போட்டவர்கள் காசு கொடுக்க வேண்டும், வெறுங்காலோடு வருபவர்களுக்கு இலவசம். ஏழைக்குச் சலுகை என்பது எண்ணம். நடந்தது தலைகீழ் என்பார்கள்: பணக்காரர்கள் காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்களாம், ஏழைகள் மானத்துக்கு அஞ்சி இரவல் காலணி மாட்டிக்கொண்டு காசு கொடுத்தார்களாம்.

வாகனங்களுக்கு 1974-இல் திறந்த உயரமான ராணி ஜூலியானா பாலம் உண்டு. நீர்மட்டத்திலிருந்து 56 மீட்டர் உயரம். காரில் போகும்போது ஊரே காலடியில் தெரியும், ஆனால் நிறுத்த முடியாது. போனைப் பின் இருக்கையில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

வண்ண வீடுகளைத் தவிரப் பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய. ஆனால் ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருக்கிறது என்றால், ஓட்ரோபாண்டாவில் உள்ள குரா ஹுலாண்டா அருங்காட்சியகத்தைச் சொல்வேன். 1634-இல் ஸ்பெயினிடமிருந்து தீவைப் பிடித்த டச்சுக்காரர்கள் இதை அடிமை வணிகத்தின் பெரிய சந்தையாக மாற்றினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தி வரப்பட்ட மனிதர்கள் இங்கிருந்துதான் தென்னமெரிக்காவுக்கும் மற்றத் தீவுகளுக்கும் விற்கப்பட்டார்கள். அடிமைகளின் கைகால்களைப் பூட்டிய விலங்குகள், சங்கிலிகள், கப்பலின் அடித்தட்டு எப்படி இருந்தது என்று காட்டும் இடம் எல்லாம் அங்கே உண்டு. சிறு குழந்தைகளைக் கூட்டிப் போகும் முன் யோசியுங்கள். ஹாண்டெல்ஸ்காடேவின் வணிக மாளிகைகள் எந்தப் பணத்தில் எழுந்தன என்பது அதைப் பார்த்த பிறகுதான் புரியும். அதனால் முதல் நாளே போய்விடுவது நல்லது. திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

1795 ஆகஸ்ட் 17 அன்று, தீவின் மேற்குக் கோடியில் உள்ள க்னிப் தோட்டத்தில் தூலா என்பவரின் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். கிளர்ச்சியை ஒடுக்கித் தூலாவைக் கொடூரமாகக் கொன்றார்கள். அடிமை முறை ஒழிந்தது 1863 ஜூலை 1-இல்தான். ஆகஸ்ட் 17 இன்று தூலா நாளாக நினைவுகூரப்படுகிறது. தோட்டத்துக்கு அருகிலேயே தீவின் பேர்பெற்ற கடற்கரை இருக்கிறது. குளிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்து வீட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பூண்டாவில் மிக்வே இஸ்ரேல் இம்மானுவேல் யூதத் தொழுகைக் கூடம் இருக்கிறது. 1732-இல் கட்டியது, அமெரிக்கக் கண்டங்களில் இடைவிடாமல் பயன்பாட்டில் இருந்துவரும் மிகப் பழைய யூதக் கூடம். தரையில் மணல் பரப்பியிருப்பார்கள். பாலைவனத்தில் முன்னோர் அலைந்ததன் நினைவு என்பது ஒரு விளக்கம். ஸ்பெயின், போர்ச்சுகலில் ஒளிந்து வழிபட்ட காலத்தில் காலடிச் சத்தம் கேட்காமலிருக்க மணல் போட்டார்கள், அதன் நினைவு என்பது இன்னொன்று. சனிக்கிழமை வழிபாட்டு நாள், சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடையில் போங்கள்.

பூண்டாவிலேயே இருக்கும் ஆம்ஸ்டர்டாம் கோட்டைக்குள் உள்ள தேவாலயச் சுவரில், 1804-இல் ஆங்கிலேயர் சுட்ட பீரங்கிக் குண்டு இன்னும் பதிந்திருக்கிறது. ஸ்கார்லோவில் பழைய வணிகர்களின் மாளிகைகளும், இப்போதைய சுவரோவியங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே காலையில் நடப்பது சுகம்.

பணம்? டாலர் செல்லுமா?

2025 மார்ச் 31 முதல் கரீபியன் கில்டர் என்ற புதிய பணம் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு அமெரிக்க டாலருக்கு 1.79 கில்டர் என்று நிலையாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். பழைய ஆன்டிலியன் கில்டர் நோட்டை யாராவது மீதிச் சில்லறையாக நீட்டினால் வாங்காதீர்கள், கடைகளில் செல்லாது. டாலர் ஏறக்குறைய எல்லா இடத்திலும் வாங்குவார்கள், மீதி கில்டரில்தான் வரும். ஐந்து, பத்து, இருபது டாலர் நோட்டுகளாக வைத்திருங்கள். இந்திய ரூபாயை அங்கே மாற்றலாம் என்ற எண்ணம் வேண்டாம். உணவக பில்லில் சேவைக் கட்டணம் சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு டிப்ஸ் கொடுங்கள்.

சைவ உணவுக்காரர்கள் என்ன செய்வது?

சமாளிக்கலாம், ஆனால் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஊர்ச் சமையலில் ஆட்டு இறைச்சியும் மீனும்தான் பிரதானம். சோள மாவில் கிண்டும் ஃபுஞ்சி நம் களியின் சகோதரி போலத்தான் இருக்கும். அதோடு வறுத்த வாழைப்பழம், சோறு, காய்கள் என்று ஒரு தட்டை ஒப்பேற்றிவிடலாம். தட்டைப்பயறு சேர்த்துக் கிண்டும் துத்துவும் நன்றாக இருக்கும், இறைச்சித் துண்டு போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். காலையில் தெருக்கடைகளில் கிடைக்கும் பாஸ்தெச்சி என்ற பொரித்த பலகாரத்தில் சீஸ் வைத்ததும் உண்டு. 'சூப்பில் இறைச்சி இல்லை' என்று சொன்னால் துண்டு இல்லை என்று அர்த்தம், எலும்புச் சாறு இருக்கலாம்.

உங்களைக் காப்பாற்றப் போவது சுரினாம் ரொட்டிக் கடைகள். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக சுரினாமுக்குப் போனவர்களின் சமையல், டச்சுத் தொடர்பு வழியாக இங்கே வந்தது. ரொட்டி, உருளைக்கிழங்கு மசாலா, காராமணிக்காய் பொரியல் என்று கேட்டால் கிடைக்கும். காரம் வேண்டுமென்றால் பிகா கேளுங்கள். வெங்காயத்தோடு ஊறவைத்த மிளகாய்ச் சாந்து, நம்மவர்களுக்கே கண்ணில் நீர் வரும் ரகம் அது.

அசைவம் சாப்பிடுபவர்கள் மதியம் பூண்டாவின் பழைய சந்தையான பிளாசா பியூவுக்குப் போங்கள். பெரிய அடுப்புகள், நீண்ட பொது மேசைகள், ஆட்டுக் குழம்பு, பொரித்த மீன். மதியம் மட்டும்தான், ஒரு மணிக்கு மேல் போனால் நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும். சீஸுக்குள் கோழியை அடைத்துச் சுடும் கேஷி யேனாவை ஒரு முறை பார்க்கலாம். கனமான உணவு, இருவருக்கு ஒன்று போதும்.

கார் எடுக்க வேண்டுமா?

ஊருக்குள் மட்டும் என்றால் வேண்டாம், நடந்தே முடித்துவிடலாம். நல்ல கடற்கரைகள் எல்லாம் மேற்கே இருக்கின்றன. அவற்றுக்குக் கார் வேண்டும். வண்டி வலப்பக்கம் ஓட்ட வேண்டும், நம் பழக்கத்துக்கு நேர் எதிர். ரவுண்டானாக்களில் முதல் நாள் கவனம். வெகுநாள் கழித்து மழை பெய்தால் சாலை எண்ணெய் தடவியது போல் வழுக்கும். கடற்கரையில் நிறுத்தும்போது காருக்குள் பை, போன், ஏன் ஒரு துண்டைக்கூடத் தெரியும்படி விட்டுப் போகாதீர்கள். கண்ணாடியை உடைத்துத் திருடுவது அங்கே அடிக்கடி நடப்பது.

பஸ்கள் பூண்டா, ஓட்ரோபாண்டா நிலையங்களிலிருந்து கிளம்புகின்றன. மலிவு, ஆனால் மேற்குப் பக்கம் அடிக்கடி கிடையாது. கடைசி பஸ் எப்போது என்று கேட்காமல் ஏறாதீர்கள். டாக்சியில் மீட்டர் ஓடாது, ஏறும் முன் தொகையைப் பேசிவிடுங்கள்.

எந்தக் கடற்கரை?

குடும்பத்தோடு என்றால் போர்டோ மாரி அல்லது காஸ் அபாவ். நிழலும் கழிவறையும் உண்டு, நுழைவுக் கட்டணமும் உண்டு. அழகுக்கு க்னிப், வார இறுதியில் கூட்டம். ஆமைகளைப் பார்க்க மீனவர்கள் கரையேறும் பிளாயா பிஸ்காடோ. ஆமையைத் தொடாதீர்கள், துரத்தாதீர்கள். ஆளில்லாத குட்டித் தீவான க்ளைன் குராசோவுக்குப் படகில் போக முழு நாள் வேண்டும். போகும்போது அலை கடுமையாக இருக்கும். வாந்தி வரும் உடம்புக்காரர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுங்கள். 372 மீட்டர் உயர கிறிஸ்டோஃபல் மலையில் ஏற ஆசையென்றால் விடியும்போதே கிளம்ப வேண்டும். நேரம் கழித்து வருபவர்களை மேலே விடமாட்டார்கள்.

மான்சினீல் என்ற மரம் சில கடற்கரைகளில் இருக்கிறது. சிறிய பச்சை ஆப்பிள் போன்ற காய். காயைத் தின்றால் ஆபத்து, மரத்தின் பால் தோலில் பட்டால் கொப்புளம் வரும். மழையில் அதன் கீழ் ஒதுங்கினாலும் சொட்டும் நீரே போதும். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் நிழலுக்கு ஆசைப்படாதீர்கள், பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள்.

வெயில் நம்ம ஊர் மாதிரிதானே?

அட்சரேகை ஏறக்குறைய புதுச்சேரியினுடையதுதான். வித்தியாசம் காற்று. கிழக்கிலிருந்து விடாமல் வீசும் காற்றில் வியர்வை தெரியாது, சுடுவதும் தெரியாது. மாலையில் அறைக்கு வந்த பிறகுதான் தோள் எரியும். குடை பயன்படாது, புரட்டிவிடும். கயிறு கட்டிய தொப்பி எடுத்துப் போங்கள். பவளத்துக்குக் கேடு செய்யாத சன்ஸ்கிரீனாகப் பார்த்து வாங்குங்கள்.

என்ன மொழி பேசுகிறார்கள்?

பாப்பியமென்டு. ஆப்பிரிக்க, போர்ச்சுகீசிய, ஸ்பானிய, டச்சுக் கலப்பு. கூடவே டச்சு, ஆங்கிலம், ஸ்பானிஷ் எல்லாம் பலருக்குச் சரளம், ஆங்கிலத்திலேயே காலம் தள்ளலாம். கடைக்குள் நுழைந்ததும் 'போன் தியா' (காலை வணக்கம்) சொல்லாமல் நேரே விலை கேட்பது மரியாதைக் குறைவு. மதியத்துக்கு மேல் 'போன் தார்தி', நன்றிக்கு 'டாங்கி'. பூண்டாவின் சில துணி, மின்சாதனக் கடைகளில் முதலாளிகள் சிந்திக்காரர்கள், அங்கே இந்தியும் எடுபடும்.

குடிநீர், மின்சாரம், பாதுகாப்பு?

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். கடல்நீரைச் சுத்திகரித்துத் தருகிறார்கள், நன்றாகவே இருக்கிறது, பாட்டிலுக்குக் காசு போடாதீர்கள். மின்சாரம் 127 வோல்ட், அமெரிக்க வகைத் தட்டை முள் பிளக். போன் சார்ஜர் வேலை செய்யும். ஊரிலிருந்து கொண்டுபோகும் மின்சாரக் குக்கரும் இஸ்திரிப் பெட்டியும் சரியாகச் சூடாகாது.

பகலில் பழைய நகரில் பயமில்லாமல் நடக்கலாம். இரவில் ஓட்ரோபாண்டாவின் உள்சந்துகளைத் தவிர்த்து வெளிச்சமுள்ள தெருக்களில் வாருங்கள். போலீசுக்கு 911, ஆம்புலன்சுக்கு 912. பெரிய மருத்துவமனை ஓட்ரோபாண்டாவிலேயே இருக்கிறது. பயணக் காப்பீடு இல்லாமல் போகாதீர்கள்.

கப்பலில் வருகிறோம், ஆறு மணி நேரம்தான். என்ன செய்வது?

கடற்கரையை மறந்துவிடுங்கள். ஓட்ரோபாண்டா கரையில்தான் இறங்குவீர்கள். முதலில் அருங்காட்சியகம், பிறகு பாலம் கடந்து பூண்டா, தொழுகைக் கூடம், பிளாசா பியூவில் சாப்பாடு. வெயில் உச்சியில் ஏதாவது நிழலில் உட்கார்ந்துவிட்டு, மூன்று மணிக்கு மேல் ஸ்கார்லோ பக்கம் ஒரு நடை. திரும்பும்போது பாலம் திறந்திருந்தால் இலவசப் படகில் ஏறுங்கள். கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது என்பதால், கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே ஓட்ரோபாண்டா பக்கம் வந்துவிடுவது நல்லது.